காற்று இல்லாத உப்பளம்

காது மெஷினுக்கு ஞாபகம் உண்டு. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். ஆனால் உண்மை. காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை போல உட்கார்ந்திருக்கும் அந்தப் பொருள், தான் எத்தனை மணி நேரம் விழித்திருந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளும். யார் என்ன பேசினார்கள் என்பது அதற்குத் தேவையில்லை. தன்னைச் சுற்றி இருந்தது அமைதியா, பேச்சா, இரைச்சலா, இசையா, காற்றா என்று மட்டும் பிரித்து எழுதிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் வயரைச் செருகினால் எல்லாம் சதவீதமாக வந்து நிற்கும்.

காற்றை அது கண்டுபிடிக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மெஷினில் இரண்டு மைக்குகள், ஒரு அரிசி நீள இடைவெளியில். யாராவது பேசினால் அந்தச் சத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும். காற்று அப்படி விழாது. ஒவ்வொரு மைக்கின் வாயிலும் தனித்தனியாகச் சுழன்று மோதும். இரண்டு சாட்சிகள் ஒரே கதையைச் சொன்னால் அது சத்தம். ஆளுக்கொரு கதை சொன்னால் அது காற்று. இதை நான் நூறு பேருக்காவது விளக்கியிருப்பேன். அமராவதியம்மாவின் மெஷினில் ‘காற்று: பூஜ்யம்’ என்று வந்தபோது மட்டும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். கடற்காற்று ஆளைத் தள்ளுகிற இடம் அது.

என் பெயர் சகாயராஜ். வெளிநாட்டுக் காது மெஷின் கம்பெனி ஒன்றின் புதுச்சேரி கிளையில் டெக்னீஷியன். எங்கள் கம்பெனி பதினோரு நாடுகளில் இலவச முகாம் நடத்தி மெஷின் கொடுக்கிறது. கொடுத்ததோடு நிற்பதில்லை. மெஷினைப் பலர் வாங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள் என்பதால், ஒவ்வொரு ஊரிலும் மக்கள் சராசரியாக எத்தனை மணி நேரம் அணிகிறார்கள் என்று பார்த்து, ஊர்களை வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசையில் என் பொறுப்பில் உள்ள ஊர் மேலே வரவேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

பிப்ரவரியில் மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். ஒரே நாளில் தொண்ணூற்று நான்கு பேர். அமராவதியம்மாவுக்கு ஐம்பத்தோரு வயது. இரண்டு காதும் மந்தம், இடது காது பரவாயில்லை, அதனால் வலது காதுக்கு மட்டும் மெஷின். உப்பளத்தில் இரண்டு வகை வேலை. பாத்தியில் நின்று உப்பை வாரி ஒதுக்குவது ஒன்று. அதைக் கூடையில் தூக்கி மேட்டு வரப்பில் கொட்டி லாரிக்கு ஏற்றுவது இன்னொன்று. மேட்டு வரப்பில்தான் லாரி பின்னால் வரும். போன வருஷம் ஒரு லாரி அவர் தோளை உரசிவிட்டது. அன்றிலிருந்து மேஸ்திரி பலராமன் அவரை மேட்டில் சேர்ப்பதில்லை. எல்லாப் பெண்களும் மேலே கூட்டமாக வேலை செய்ய, அவர் மட்டும் கீழே பாத்தியில் தனியாக. காது கேட்டால் மேட்டுக்குப் போகலாம். முகாமில் அவர் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

“பின்னால வர்ற லாரி கேக்குமா சார் இதுல?”

“லாரி என்னம்மா, எறும்பு ஊர்றதே கேக்கும்,” என்றேன். தவறு. அந்த மெஷினில் எறும்பு கேட்காது. உற்சாகத்தில் சொன்னது.

மார்ச் மாதம் அவர் மறுபரிசோதனைக்கு வந்தார். வயரைச் செருகிப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரியாக இருபது நிமிடம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

“சார், இது உள்ள போனா...” என்று ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம்மா. மொதல்ல நான் சொல்றத கேளுங்க.”

ஒரு நிமிஷம் இல்லை, இருபது நிமிஷம் பேசினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. பல வருஷம் சத்தம் இல்லாமல் கிடந்த மூளைக்கு மறுபடி பழக்க வேண்டும், அதற்கு எட்டு மணி நேரமாவது போட வேண்டும் என்று படம் வரைந்து காட்டினேன். கடைசியாக, “எட்டு மணி நேரத்துக்கு கீழ போட்டீங்கன்னா மெஷினைத் திருப்பி வாங்கி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க,” என்றேன். அப்படி ஒரு விதி இருந்தது. ஆனால் புண், வலி, கோளாறு என்று காரணம் இருந்தால் அது பொருந்தாது என்றும் அதே தாளில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அவர் மெஷினைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போடலைன்னு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

எனக்கு இப்படிக் கேள்வி கேட்பவர்களை மிகவும் பிடிக்கும். “மெஷினே எழுதி வெச்சுக்கும்மா!”

“ஆன் பண்ணி பீரோல வெச்சாலும் தெரிஞ்சுடுமா?”

“நல்லா கேட்டீங்க. தெரிஞ்சுடும். பீரோல எந்தப் பேச்சும் இருக்காதில்ல? அமைதின்னு காட்டும். பேச்சு, பாட்டு, இரைச்சல், எல்லாத்தையும் தனித்தனியா எழுதும்.”

“அப்ப பக்கத்துல யாராவது பேசிகினே இருக்கணும்.”

“ஆமாம்மா. அதுதான் வேணும்.”

எவ்வளவு புத்திசாலியான பெண் என்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா முதலில் என்ன சொல்ல ஆரம்பித்தார் என்பது எனக்கு நினைவே வரவில்லை.

மே மாதம் மறுபடி வந்தார். தீர்ந்த பேட்டரிகளை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். பத்து நாளுக்கு ஒன்று, கணக்கு பிசகாமல். வயரைச் செருகினேன். பதினான்கு மணி நேரம் முப்பத்தாறு நிமிடம்! பேச்சு ஐம்பத்தெட்டு, இசை இருபத்தேழு, இரைச்சல் பதினொன்று, அமைதி நான்கு. காற்று பூஜ்யம்.

கண் அந்தப் பூஜ்யத்தில் ஒரு விநாடி நின்றது உண்மை. பிறகு நானே அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். உப்பளத்துப் பெண்கள் வெயிலுக்காகத் தலையில் காதோடு சேர்த்துத் துணி கட்டுவார்கள். துணி காற்றைத் தடுக்கிறது. அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். துணி காற்றைக் குறைக்கும், பூஜ்யம் ஆக்காது. அது எனக்குத் தெரியும். ‘பல வருடங்களுக்குப் பிறகு இவர் மீண்டும் பாட்டுக் கேட்கிறார்’ என்ற வரியையும் சேர்த்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அன்றே மேஸ்திரி பலராமனுக்குக் கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தேன். ‘இவர் நாள்தோறும் பதினான்கு மணி நேரம் மெஷின் அணிகிறார். வாகன ஒலிகளைக் கேட்கும் நிலையில் உள்ளார்.’ கீழே என் கையெழுத்து. மறுநாளே அமராவதியம்மா மேட்டு வரப்பில் கூடை தூக்கினார்.

ஜூனில் சென்னை ஆபீஸிலிருந்து பிரபாகரன் போன் செய்தார். அவர்தான் முகாம்களுக்கெல்லாம் மேனேஜர். பதினோரு நாடுகளிலும் சேர்த்து அமராவதிதான் முதலிடமாம். வீடியோ எடுத்துத் தலைமை ஆபீஸுக்கு அனுப்ப வேண்டுமாம். நாள் குறித்தோம். அன்று காலை நான் பைக்கில் சீக்கிரமே போய்விட்டேன். சென்னைச் சாலையில் கடப்பாக்கம் தாண்டிவிட்டதாகக் காரிலிருந்து பிரபாகரன் போனில் சொன்னார். அதற்குள் அம்மாவை வீட்டில் பார்த்து மெஷினைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த பெண் சரண்யா எட்டிப் பார்த்தாள். உள்ளே டிவியில் யாரோ ஒரு மாமியார் கத்திக்கொண்டிருந்தாள்.

“அமராவதிக்கா விடியறப்பவே உப்பளத்துக்கு போயிடுச்சே. நீங்க காது மிஷின் சாரா?”

“ஆமா. மெஷினை கொஞ்சம் துடைச்சுக் குடுக்கலாம்னு வந்தேன்.”

“அதுக்கு ஏன் சார் அங்க போறீங்க? இதோ இருக்குது.”

டிவிக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா, மூடி திறந்தபடி. அதற்குள் பஞ்சின் மேல் மெஷின். சின்ன விளக்கு பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

“காலைல குடுத்துட்டுப் போவும், ராத்திரி நான் படுக்கறப்ப ஆஃப் பண்ணுவேன். டப்பாவை மூடினா மூச்சு முட்டி செத்துப்போவுது சார், ரெண்டு பேட்டரி அப்படி வீணாச்சு. அப்புறம் தெறந்தே வெச்சிடுறது.”

அந்தப் பேட்டரி காற்றை உள்ளே இழுத்துத்தான் வேலை செய்யும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் சுவாசிக்கத் தொடங்கும். இதை நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். பேச்சு ஐம்பத்தெட்டு என்றால் சீரியல். இசை இருபத்தேழு என்றால் சீரியலின் பின்னணி இசை. இரைச்சல் பதினொன்று என்றால் தையல் மெஷின். காற்று பூஜ்யம். ஜன்னல் சாத்தியிருந்தது.

அங்கேயே நான் பிரபாகரனுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மெஷினைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன்.

மேட்டு வரப்பில் அமராவதியம்மா கூடையோடு நின்றார். கூடவே ஆரோக்கியசெல்வி என்ற இன்னொரு பெண். பாக்கெட்டிலிருந்து நான் எடுத்த மெஷினைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று. பிரபாகரன் பின்னாலேயே கேமராக்காரரோடு வந்துகொண்டிருந்தார். நான் மெஷினை அம்மாவின் வலது காதில் மாட்டினேன். மாட்டும்போது அவர் பல்லைக் கடித்தார். தலைத்துணியை இழுத்துவிட்டதும் மெஷின் கீச்சென்று விசிலடித்தது. காதின் அச்சில் வார்த்து உள்ளே செருகும் மோல்டின் இடைவெளி வழியாகக் கசியும் சத்தம், துணியில் மோதித் திரும்பி மறுபடி மைக்குக்குள் போவதால் வருகிற விசில் அது. மோல்டு சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

“என்ன சத்தம் அது?” என்றார் பிரபாகரன்.

“ஒண்ணுமில்ல சார்.”

மெஷினின் பட்டனை மூன்று விநாடி அழுத்தினால் அது ஊமையாகிவிடும். அழுத்தினேன். விசில் நின்றது. கூடவே எல்லாம் நின்றது. அந்தப் பெண்ணின் ஒரு காதை என் கையாலேயே அடைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்படி சைகை காட்டினேன். அவர் சிரித்தார்.

கூடையோடு நடக்கச் சொன்னார்கள். நடந்தார். அப்போது பின்னால் லாரி வந்தது, ரிவர்ஸில், அவரை நோக்கி. நான் வாயைத் திறப்பதற்குள் அமராவதியம்மா சட்டென்று திரும்பிப் பார்த்து, வரப்போரம் ஒதுங்கினார்.

பிரபாகரன் கைதட்டினார். “பாத்தீங்களா சகாயராஜ்! லாரி சத்தம் கேட்டு அவங்களே திரும்புனாங்க! இந்த ஒரு ஷாட் போதும்!”

கேமராவில் விழாத பக்கத்தில் ஆரோக்கியசெல்வி நின்று கையைத் தட்டி உப்பை உதறினாள். அம்மாவின் முதுகில், துணியின் மேல், வெள்ளையாக உப்புத்தூள் அப்பியிருந்தது. லாரி வரும்போதெல்லாம் ஒரு உப்புக்கட்டியை எடுத்து அம்மாவின் முதுகில் எறிவது செல்வியின் வழக்கமாம்.

“கேட்டுச்சு சார், கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு,” என்றாள் செல்வி. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அமராவதியம்மா மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன் என்பதுதான் கேவலம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் மரக்காணத்துக்குப் போனேன். அமராவதியம்மா கதவைத் திறந்ததும் மெஷினை நீட்டினார்.

“எடுத்துகினு போயிடுங்க சார். தப்புதான்.”

“அதுக்கு வரலம்மா.” அவருடைய இடது காதுப் பக்கம் போய்ச் சத்தமாகக் கேட்டேன். “மார்ச் மாசம் என்னமோ சொல்ல வந்தீங்களே. இது உள்ள போனான்னு. என்ன?”

“அதுவா? உள்ள போனா புண்ணு ஆவுது. துணி கட்டினா விசிலு அடிக்குது. அவ்ளோதான் சார்.”

பத்து விநாடிகூட ஆகவில்லை. இருபது நிமிஷம் பேசியவன் இந்தப் பத்து விநாடியை அவருக்குக் கொடுக்கவில்லை.

“அப்பவே திருப்பிக் குடுத்திருக்கலாமேம்மா.”

“குடுத்தா திரும்ப வருமா? எப்பனா ஒரு நாள் நீங்களே கேப்பீங்க, சரி பண்ணுவீங்கன்னு வெச்சிருந்தேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மேஸ்திரிகிட்ட குடுத்த லெட்டரை மட்டும் எடுத்துடாதீங்க சார். கீழ பாத்தில தனியா நிக்க முடியல. ஒரு நாள் பூரா யாரு மூஞ்சியும் பாக்காம இருக்கறது, அது உங்களுக்குத் தெரியாது.”

அந்தக் கடிதத்தை நம்பித்தான் அவர் லாரிக்கு முன்னால் நிற்கிறார்.

விளக்கு வைத்து வலது காதுக்குள் பார்த்தேன். ஓட்டையின் மேல் ஓரத்தில் பழைய புண்ணின் தழும்பு. காரணம் எனக்கு உடனே புரிந்தது. காதுக்கு அச்சு எடுக்கும்போது ஒரு களிம்பை ஊசிக்குழாயால் உள்ளே நிரப்பி, அது இறுகும்வரை ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். வாய் அசையும்போது காது ஓட்டையின் வடிவமும் மாறும். தாடைமேல் விரலை வைத்து, காதுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பேசிப் பாருங்கள், தெரியும். அதனால் அச்சு எடுக்கும்போது பேசச் சொல்ல வேண்டும். முகாமில் தொண்ணூற்று நான்கு பேர். நேரம் இல்லை என்று எல்லோரையும் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னேன். களிம்பையும் ஆழமாக விடவில்லை. மூடிய வாய்க்கு ஏற்ற மோல்டு, பேசினாலோ மென்றாலோ குத்தும், இடைவெளி விடும், விசிலடிக்கும்.

இந்த முறை அச்சு எடுக்கும்போது, “பேசிகிட்டே இருங்கம்மா,” என்றேன்.

“இன்னா பேச?”

“எதையாவது.”

அவர் பேசினார். செல்வி எறியும் கட்டி சில நாள் தலையில் படும் என்றார். சரண்யா வீட்டு டிவியில் எந்த மருமகள் எந்த வீட்டை விட்டுப் போனாள் என்பது தனக்குத் தெரியாது, தன் மெஷினுக்குத்தான் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார். முகாம் நாளன்று மண்டபத்தில் தன்னை ஒருவர் ‘செவிடு, நகரு’ என்று தள்ளியதைச் சொன்னார். எங்கள் ஆள்தான். களிம்பு இறுகிய பிறகும் நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். கடிதம் பொய் என்றும் அது என் தவறு என்றும் சொன்னேன். புதிய மோல்டு வரப் பத்து நாள் ஆகும், அதுவரை அவரை மேட்டிலேயே விட்டாலும் லாரி ஏற்றும் இடத்தில் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பலராமன் பனியனோடு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

“அது எங்களுக்குத் தெரியும் சார்.”

“தெரியுமா?”

“செல்வி கட்டி எறியறது எனக்குக் கண்ணுக்குத் தெரியாதா? மிஷின் சரண்யா வூட்ல இருக்கறது ஊருக்கே தெரியும். அந்தம்மா மேல வரணும்னு ஆசப்பட்டுச்சு. ஒரு காகிதம் இருந்தா நாளைக்கு ஓனர் கேட்டா காட்டலாம்னு நானும் வுட்டுட்டேன். செல்வி பாத்துப்பா. எங்களுக்கு வேண்டியது உன் காகிதந்தான்பா, மிஷின் இல்ல.”

ஊருக்கே தெரிந்தது படித்தவனுக்கு மட்டும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பிரபாகரனிடம் சொன்னேன். மெஷினை நானே ஊமையாக்கியதையும் சேர்த்துத்தான்.

“ஏம்பா, வீடியோ போய்ச் சேர்ந்துடுச்சே. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இப்ப போய் இத சொல்றியே.”

“நம்பரையாவது மாத்தணும் சார்.”

“நம்பரை மாத்து. வீடியோவப் பத்தி நான் மேல பேசறேன்,” என்றார். பேசினாரா என்று எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்துப் புதிய மோல்டோடு போனேன். உள்ளே ஆழமாக உட்கார்ந்தது. தலைத்துணியைக் கட்டிப் பார்த்தோம், விசில் இல்லை. வெறும் காற்றின் இரைச்சலை மட்டும் கொஞ்சம் குறைத்து அமைத்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மேட்டு வரப்பில் ஏறினோம். செல்வி ஒரு உப்புக்கட்டியைக் கையில் தயாராக வைத்திருந்தாள். எனக்கு மறுபடி உற்சாகம் தொற்றிக்கொண்டது. இரண்டு மைக்கு, இரண்டு சாட்சி, காற்று என்று கையை ஆட்டி ஆட்டி அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன்.

“சார்,” என்றார் அமராவதியம்மா.

“இதையும் கேட்டுடுங்கம்மா, அந்த ரெண்டாவது மைக்கு...”

“சார், பேச்ச நிறுத்துங்க. லாரி வருது.”

என் சட்டையைப் பிடித்து இழுத்தார். லாரி என் முதுகை ஒட்டி ஊர்ந்து போய் நின்றது. அதன் சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. என் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வி கையிலிருந்த கட்டியைப் பாத்தியில் வீசிவிட்டு, “இவருக்கு எறிஞ்சிருக்கணும்,” என்றாள்.

அமராவதியம்மா இப்போதும் மேட்டில்தான் வேலை செய்கிறார். கடைசியாகப் பார்த்தபோது மெஷினின் ஞாபகத்தில் ஒரு நாளைக்கு நான்கு மணி பத்து நிமிடம் இருந்தது. லாரி வரும் நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்கிறார். வீட்டில் கழற்றிவிடுகிறார். மற்ற நேரம் ஏன் போடுவதில்லை என்று நான் கேட்டேன்; காது அரிக்கிறது என்றார். அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு முப்பது, இரைச்சல் இருபத்தாறு, காற்று நாற்பத்து நான்கு. காரணத்தோடு அப்படியே எழுதி அனுப்பினேன், மெஷினைத் திருப்பிக் கேட்கவில்லை. மரக்காணம் வரிசையில் வெகு கீழே இறங்கிவிட்டது.

வீடியோவை எடுக்கவில்லை. எங்கள் கிளையின் வரவேற்பறை டிவியில் அது நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஊமையான மெஷினோடு அவர் சிரிக்கிறார். பிறகு சட்டென்று திரும்புகிறார். போன மாதம் அவர் பேட்டரி வாங்க வந்தபோது அதன் முன்னால் நின்று முழுவதையும் பார்த்தார்.

“இத எல்லா ஊர்லயும் பாப்பாங்களா சார்?”

“பாப்பாங்கம்மா.”

“முதுகுல உப்பு தெரியுதே,” என்றார். “யாரும் கேக்கலையா, அது இன்னான்னு?”

“இல்லம்மா. யாரும் கேக்கல.”

பேட்டரி அட்டையை அவர் கையில் கொடுத்தேன். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.